பழவேற்காட்டு ஏரியின் நீர்க்கணக்கு

மழைக்காலம் முடிந்து ஏரி தளும்பி நிற்கும்போது பறவைகள் அதில் குறைவாகவே இருக்கும். இரண்டு மூன்று மாதம் போய், தண்ணீர் பின்வாங்கிச் சேறு தெரியத் தொடங்கியதும் கொக்கும் நாரையும் உள்ளானும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஆந்திரத்தின் குப்பம் வட்டாரத்தில் மழையை நம்பியிருக்கும் ஏரிகளின் கரையில் வாழ்பவர்களுக்கு இது பழகிய காட்சி. நீர்ப்பறவைக்கு நீர்தானே வேண்டும்? நீர் நிறைய இருக்கும்போது வராமல், அது வற்றும்போது ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்கான விடை ஊர் ஏரியோடு நிற்பதில்லை. திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாகக் கிடக்கும் பழவேற்காடு ஏரியை எப்படிக் காப்பது என்ற பெரிய கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. தெலுங்கில் புலிகாட் எனப்படும் இந்த ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. ஏரியைக் காப்பது என்றால் அதன் எல்லைக்குக் கல் நடுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆண்டுதோறும் அதில் நீர் ஏறி இறங்கும் முறையைக் காப்பதே உண்மையான பாதுகாப்பு என்பதற்கு அறிவியல் தரும் சான்றுகளை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் கால்களையும் அலகுகளையும் கவனிப்போம். நீர்ப்பறவைகளில் பல நீந்தி இரை தேடுபவை அல்ல, நடந்து தேடுபவை. எனவே அப்படிப்பட்ட ஒரு பறவை எவ்வளவு ஆழத்தில் இரை எடுக்க முடியும் என்பதை அதன் கால் நீளமும் அலகு நீளமும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. கைக்குள் அடங்கும் கொசு உள்ளான் ஈரச் சேற்றிலும் விரல்கடை ஆழத் தண்ணீரிலும் மேயும். நீண்ட அலகுள்ள கருவால் மூக்கன் இன்னும் சற்று ஆழத்துக்குப் போகும். பூநாரை தன் நெட்டைக் கால்களின் உயரம் வரை இறங்கும். பூநாரை இரை எடுக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் இந்த ஆழக் கணக்கு எவ்வளவு கறாரானது என்று புரியும். அது கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீருக்குள் வைக்கிறது. தடித்த நாக்கு நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் போய்வந்து சேற்றுநீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அலகின் ஓரங்களில் உள்ள நுண்ணிய தகடுகளில் சின்ன இறால்கள், பூச்சிப் புழுக்கள், விதைகள், பாசித் துணுக்குகள் தங்கிவிடுகின்றன. அந்த இரையில் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிதான் இறகுக்கு ரோஜா நிறம் தருகிறது. காலுக்கு எட்டாத ஆழத்தில் பூநாரையால் நீந்த முடியும். ஆனால் அடிச்சேற்றை வடிகட்ட வேண்டுமானால் அலகு தரையைத் தொட வேண்டும். ஏரி நிரம்பியிருக்கும்போது இரை இல்லாமல் போவதில்லை. எட்டாத ஆழத்தில் இருக்கிறது. நீர் இறங்க இறங்க, அதே இரை ஒவ்வொரு இனத்துக்கும் முறைவைத்து எட்டுகிறது. ஏரிக்கரையில் பார்க்கும் அந்தப் பழகிய காட்சிக்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் பழவேற்காட்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, தொரவாரிசத்திரம் மண்டலத்தில் உள்ள நேலப்பட்டு ஏரியைப் பார்த்தால் இதற்கு நேர்மாறான தேவை தெரிகிறது. 1976இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தச் சிறிய ஏரி, தென்னிந்தியாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் முக்கியமான இடங்களில் ஒன்று. உலக அளவில் அழிவு அபாயத்தை நெருங்கும் இனமாகக் கூழைக்கடா பட்டியலிடப்பட்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நேலப்பட்டு ஏரி நிரம்பும்போது அதற்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் அடிப்பகுதி மூழ்கும். தரைவழியாகப் பூனையும் நரியும் நெருங்க முடியாத அந்த மரங்களில்தான் பறவைகள் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுகின்றன. முட்டை பொரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; குஞ்சு வளர்ந்து பறக்க இன்னும் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். ஆக, ஐந்து மாத அளவுக்கு மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். குஞ்சுகளுக்கான மீனோ கூடு இருக்கும் ஏரியில் போதாது. பெற்றோர் பழவேற்காட்டுக்குப் பறந்துபோய், வற்றிவரும் நீரில் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் மீனைப் பிடித்துத் தொண்டைப் பையில் கொண்டுவருகின்றன. குஞ்சு தன் தலையை அந்தப் பைக்குள் நுழைத்து உண்கிறது. ஆக, நேலப்பட்டில் தண்ணீர் நிற்க வேண்டிய அதே மாதங்களில் பழவேற்காட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கூடு பாழ். ஓர் இடத்தில் நீர் எப்போது வந்து, எவ்வளவு ஆழத்தில், எத்தனை நாள் தங்குகிறது என்பதை அறிவியலாளர்கள் ஹைட்ரோபீரியட் என்பார்கள். தமிழில் அதை நீர்தங்கு காலம் எனலாம். ஓர் ஈரநிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழும் என்பதை அதன் பரப்பளவைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இந்த நீர்தங்கு காலம்தான்.

நீர் இறங்கினால் இரை எட்டுகிறது, சரி. அந்த இரை ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது? நெல் பயிரிடுபவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வயலில் தண்ணீர் கட்டுவதும் வடிப்பதும் காயப் போடுவதும் பருவம் பார்த்துச் செய்யும் வேலைகள். ஆண்டு முழுவதும் நீர் தேங்கிய வயல் புளித்துப்போகும். ஆண்டு முழுவதும் காய்ந்த வயல் தரிசாகும். ஈரநிலத்திலும் இதே கணக்குதான். நீர் வடிந்து சேறு வெயிலில் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுகிறது. அதுவரை மட்காமல் கிடந்த தழையும் தண்டும் சிதைந்து சத்துகள் விடுபடுகின்றன. அடுத்த மழையில் நீர் வந்ததும் அந்தச் சத்தை உண்டு பாசி பெருகுகிறது; பாசியைத் தின்று புழுவும் நத்தையும் சின்ன இறாலும் பெருகுகின்றன. நீர் வராத ஆண்டில் விளைச்சல் இல்லை என்பது எல்லோருக்கும் புரிகிறது. நீர் வடியாத ஆண்டிலும் விளைச்சல் குறையும் என்பதுதான் எளிதில் கண்ணில் படுவதில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிப்படுகை, அடுத்த பருவத்துக்கான தயாரிப்பில் இருக்கிறது.

பழவேற்காட்டில் நீரின் அளவோடு உப்பின் அளவும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் கொண்ட இந்த ஏரி, பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் ஆழமே உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு அதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. நிலத்தின் பக்கமிருந்து மூன்று ஆறுகளின் நீர் இதற்கு வருகிறது. பழைய சித்தூர் மாவட்ட மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகத் தெற்குப் பகுதியில் சேர்வது ஆரணியாறு. சூளூர்ப்பேட்டை வழியாக வந்து நடுப்பகுதியில் கலப்பது காளங்கி. திருப்பதியையும் ஸ்ரீகாளஹஸ்தியையும் கடந்து வரும் சொர்ணமுகியின் நீர் வடபகுதியை எட்டுகிறது. கடலின் பக்கமிருந்து முகத்துவாரங்கள் வழியாக உப்புநீர் புகுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஆற்றுமுகங்களில் ஏரிநீர் கிட்டத்தட்ட நன்னீராக இருக்கும். கோடையில் ஆவியாகி ஆவியாகி, மூலை முடுக்குகளில் உப்பு கடலையே விஞ்சிவிடும். இந்த ஏற்ற இறக்கம் சில உயிர்களுக்கு இடைஞ்சலாகத் தெரியலாம். ஆனால் நன்னீர்க் களைகள் ஏரியை மூடிவிடாமல் தடுப்பது கோடை உப்பு. உப்பு எல்லை மீறி எல்லாவற்றையும் கொன்றுவிடாமல் தடுப்பது மழைக்கால ஆற்றுநீர். இரண்டும் மாறி மாறி வருவதால்தான் இரண்டுக்கும் நடுப்பட்ட இறாலும் மடவையும் நண்டும் இங்கே செழிக்கின்றன.

இந்த மாற்றத்துக்கு வாசல் முகத்துவாரம். கடலோரத்தில் அலைகள் சாய்வாக மோதுவதால் மணல் கரையை ஒட்டியே நகர்ந்துகொண்டிருக்கும். நம் கிழக்குக் கரையில் ஓர் ஆண்டின் மொத்தக் கணக்கில் அது வடக்கு நோக்கி நகர்கிறது. போகிற வழியில் முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கிறது. ஏரிக்குள் ஏறி இறங்கும் ஓதநீரோ அந்த மணலை அரித்துத் தள்ளுகிறது. ஒரு வாசல் திறந்திருக்குமா, அடைபடுமா என்பது இந்த இரண்டின் பலத்தைப் பொறுத்தது. 1931இல் மோரோ ஓ'பிரையன் என்ற அமெரிக்கப் பொறியாளர், பசிபிக் கரையிலுள்ள முகத்துவாரங்களை அளந்து ஓர் ஒழுங்கைக் கண்டார். ஒவ்வோர் ஓதத்தின்போதும் உள்ளே போய் வெளியே வரும் நீரின் மொத்த அளவு எவ்வளவோ, அதற்கேற்ற அகலமும் ஆழமுமே அந்த வாசலில் நிலைக்கும். போய்வரும் அந்த நீரின் அளவை ஓதக் கொள்ளளவு எனலாம். உள்ளே இடம் சுருங்கினால் வாசலும் சுருங்கும். வாசல் சுருங்கினால் உள்ளே வரும் ஓதம் மேலும் குறையும். வண்டல் மேலும் படியும். நம் கரையில் ஓதத்தின் உயரமே ஒரு மீட்டர் அளவுதான் என்பதால், மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் வெளியேறும் வேகம் முகத்துவாரத்துக்கு மிகப் பெரிய துணை. ஏரியின் வடக்கு வாசல்கள் திரும்பத் திரும்ப அடைபடுவதையும், வடபகுதி கோடையில் பரந்த சேற்றுவெளியாகக் காய்வதையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலையும் இந்தக் கணக்கில் சேரும். அச்சாலையில் விடப்பட்ட திறப்புகளின் வழியாகத்தான் வடக்கும் தெற்கும் நீரைப் பரிமாறிக்கொள்ள முடியும்.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு வழி எண்ணிக்கை. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் பல நாடுகளின் ஈரநிலங்களில் பறவைகளை எண்ணுகிறார்கள். இரண்டாவது வழி, காலில் வளையமும் கழுத்தில் பட்டையும் முதுகில் சிறு சமிக்ஞைக் கருவியும் மாட்டி விடுவது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வரித்தலை வாத்துகள் கர்நாடக ஏரிகளில் பார்க்கப்பட்டது இப்படித்தான் தெரியவந்தது. மூன்றாவது வழி, ஏரியின் அடிமண். குழாய் இறக்கி எடுக்கும் மண்ணின் அடுக்குகளில் ஃபோரமினிஃபெரா எனப்படும், மணல்துகள் அளவே உள்ள உயிரிகளின் ஓடுகள் இருக்கும். எந்த இனம் எவ்வளவு உப்பில் வாழும் என்று தெரிந்திருப்பதால், எந்தக் காலத்தில் ஏரிநீர் எவ்வளவு உப்பாக இருந்தது என்பதை ஓடுகளிலிருந்து படிக்கலாம். சுண்ணாம்புக்காக ஏரியில் வெட்டியெடுக்கப்பட்ட பழங்கிளிஞ்சல் படிவுகளும், இப்போது கரையாக இருக்கும் பகுதிகளில் முன்பு உவர்நீர் நின்றதற்குச் சாட்சிகள். நான்காவது வழி வானிலிருந்து பார்ப்பது. 1972இல் தொடங்கிய லாண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களும், 2003இல் இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட் போன்றவற்றின் படங்களும் ஏரியின் நீர்ப்பரப்பு மாதாமாதம் விரிந்து சுருங்குவதைக் காட்டுகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். இந்த ஆண்டு பூநாரைகள் குறைந்தன என்றால் ஏரி கெட்டுவிட்டது என்று பொருளாகாது. குஜராத்தின் கட்ச் சதுப்பில் நல்ல மழை பெய்து அவை அங்கேயே தங்கியிருக்கலாம். திரளாக வந்தன என்றால் ஏரி நலமாக இருக்கிறது என்றும் பொருளாகாது; வேறு இடங்கள் வறண்டிருக்கலாம். பறவை எண்ணிக்கையோடு நீர்மட்டத்தையும் உப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் காரணம் புலப்படும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். ராயலசீமை தண்ணீருக்குத் தவிக்கும் பூமி. ஆற்றில் வருகிற சொற்ப நீரையும் ஏரிக்கும் கடலுக்கும் விடுவது வீண் அல்லவா? மனிதருக்கு மிஞ்சித்தானே பறவைக்கு? இந்த எதிர்ப்பு, கடலுக்குப் போகும் நீரால் மனிதருக்குப் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. பழவேற்காட்டில் அப்படியில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்றுநீர் கொண்டுவரும் சத்தும், உப்பு குறைந்த நீர்ப்பகுதியும் இல்லாவிட்டால் அந்த வளர்ச்சி நின்றுபோகும். அந்த இறாலை நம்பித்தான் தமிழும் தெலுங்கும் பேசும் மீனவர் குடும்பங்கள் ஏரியைச் சுற்றி வாழ்கின்றன. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதைச் சீட்டு போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு என்ற ஏற்பாடு அவர்களிடம் தலைமுறைகளாக உண்டு. பறவைக்கு வேண்டிய நீரும் மீனவருக்கு வேண்டிய நீரும் ஒன்றே. அதைத் தடுத்தால் இழப்பு மீனவர் வீட்டில்தான் முதலில் தெரியும். வெள்ள காலத்து உபரி முழுவதையும் விட்டாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் போனால் முகத்துவாரம் திறந்திருக்கும், உப்பு எல்லைக்குள் நிற்கும் என்று கணக்கிட்டு, அந்தப் பங்கை மட்டும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஒதுக்குவதைப் போலவே ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு எளிய வழி ஒன்றைக் காட்டுகிறது: முகத்துவாரத்தைத் தூர் வாரிவிட்டால் போதாதா? சில்கா இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். வாசல் தூர்ந்து, களை மண்டி, மீன்வளம் குன்றியதால் 1993இல் சில்கா, ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாசல் வெட்டினார்கள். உப்பு திரும்பியது, களை குறைந்தது, சில ஆண்டுகளுக்குள் மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது, 2002இல் சில்கா அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. தூர் வாருவது பயன் தரும் என்பதற்கு இது வலுவான சான்று, மறுப்பதற்கில்லை. ஆனால் சில்காவுக்குள் மகாநதியின் கிளைகள் பெருநீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வெட்டிய வாசலைத் திறந்து வைத்திருக்க உள்ளேயிருந்து தள்ளும் பலம் அங்கே இருக்கிறது. பழவேற்காட்டுக்கு வரும் மூன்றும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றாறுகள். ஓ'பிரையன் கண்ட கணக்கின்படி, உள்ளே போய்வரும் நீர் கூடாமல் வாசலை மட்டும் அகலப்படுத்தினால் மணல் திரும்ப வந்து பழைய அளவுக்கே அதைக் குறுக்கிவிடும். எனவே தூர் வாருவது தேவை. அதோடு ஆற்றுநீரும் வர வேண்டும், சாலைக்கடியில் நீர்வழியும் அகல வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. பறவைக்கு நீர் வேண்டுமென்றால், தடுப்பணை கட்டி ஆண்டு முழுவதும் ஏரியை நிரப்பி வைத்தால் என்ன? கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு இடையில் உள்ள கொல்லேறு ஏரி இதற்கு விடை சொல்கிறது. அங்கே ஏரிப்படுகையில் உயரக் கரை போட்டு மீன்குட்டைகள் பெருகின. அந்தக் குட்டைகளில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் அவை ஆழமானவை, செங்குத்தான கரை கொண்டவை; சேற்றோரமோ சரிவோ அவற்றில் இல்லை. ஏறி இறங்கும் ஏரி நிலைத்த குட்டைகளாக மாறும்போது, முழங்கால் ஆழத்தில் நடந்து மேயும் பறவைகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. வெள்ளநீர் பரவவும் வழியில்லாமல் போகிறது. 2006இல் நீதிமன்ற ஆணையின்பேரில் ஏராளமான குட்டைகளை உடைக்க வேண்டிய நிலை வந்தது. தண்ணீர் இருந்தும் ஈரநிலம் இல்லாமல் போகலாம் என்பதற்குக் கொல்லேறு சான்று.

கடைசியாக, மழை நம் கையிலா இருக்கிறது என்று கேட்பார்கள். மழை நம் கையில் இல்லை; பெய்த மழை நடக்கும் வழி நம் கையில் இருக்கிறது. ஆற்றுமணலை அள்ளிப் படுகையைப் பள்ளமாக்கினால், முதலில் வரும் வெள்ளம் அந்தப் பள்ளங்களை நிரப்புவதிலேயே தீர்ந்துவிடும். ஆற்றோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கிவிட்டால், ஆறு தன் நீரைக் கீழே இழந்துகொண்டே போகும். குப்பத்தை ஒட்டிப் போகும் பாலாறு இதற்குக் கண்கண்ட சாட்சி. பழவேற்காட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது தமிழ்நாட்டில் வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆனால் மூன்று மாநிலங்களைக் கடக்கும் ஓர் ஆற்றில் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு நிறுத்திக்கொண்டால், ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும் என்பதை அதன் கரையில் வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு மாநிலங்களுக்குப் பொதுவான ஆரணியாற்றுக்கும் அதே கதி நேர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பழவேற்காட்டின் ஆந்திரப் பகுதிக்கு ஒரு சரணாலய அறிவிப்பு, தமிழ்நாட்டுப் பகுதிக்கு இன்னொன்று, நேலப்பட்டுக்குத் தனியாக ஒன்று என்று இப்போது மூன்று எல்லைகள் இருக்கின்றன. பறவையும் நீரும் இந்த எல்லைகளை அறியாது. மூன்றையும் அவற்றுக்கு நீர் தரும் ஆறுகளோடு சேர்த்து ஒரே நீர்க்கணக்கின் கீழ் கொண்டுவர வேண்டும். இரு மாநில வனத்துறைகளும் நீர்வளத் துறைகளும் மீனவர் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட வேண்டும். பிச்சாட்டூரிலிருந்து எந்த வாரத்தில் எவ்வளவு நீர் விடப்படுகிறது, ஏரியின் வடக்கிலும் தெற்கிலும் நீர்மட்டமும் உப்பும் என்ன, முகத்துவாரத்தின் அகலம் என்ன என்பவை ஆண்டு முழுவதும் அளக்கப்பட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். நேலப்பட்டுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் மழைக்கு முன்பே செப்பனிடப்பட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா சாலை அகலப்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும், அதன் அடியில் நீர் போகும் வழியும் அதே அளவு அகல வேண்டும் என்பது விதியாக வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய அறிவியல் கண்டுபிடிப்பு தேவையில்லை. இருக்கிற அறிவை நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் போதும். சரணாலயத்தின் பரப்பை எத்தனை சதுர கிலோமீட்டர் என்று அரசிதழில் எழுதுகிறோம். அதோடு ஆண்டுக்கு எத்தனை நாள், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு உப்பில் அங்கே நீர் நிற்க வேண்டும் என்பதையும் சட்டபூர்வமான அளவாக எழுதும் நாளில்தான் பழவேற்காடு காகிதத்தை விட்டுத் தரையில் பாதுகாக்கப்பட்டதாகும்.